மருமகளே, உன் நாயகி கொஞ்சம் பொய் சொல்லட்டும்

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய படங்களையும் கதைச் சுருக்கத்தையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். பினாங்குத் தமிழ்ப் பெண் ஒருத்தியை நாயகியாக்கி அனிமேஷன் தொடர் எழுதத் துணிந்திருக்கிறாயே, அதற்கே உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் துறைக்குள் காலெடுத்து வைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று, என் கருத்தை எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

உன் நாயகி வகுப்பில் முதல் மாணவி. சிலம்பம் சுற்றுகிறாள், நான்கு மொழி பேசுகிறாள். தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் மூச்சு வாங்காமல் ஓடி ஏறுகிறாள். அழுவதில்லை, பொய் சொல்வதில்லை, யாரிடமும் கோபித்துக்கொள்வதில்லை. அவள் தம்பியோ வீட்டுப்பாடம் செய்யாமல் ஏய்க்கிறான், ஐஸ் கச்சாங்குக்காக அம்மாவின் பணப்பையில் கை வைக்கிறான், பயந்து கட்டிலுக்கடியில் ஒளிகிறான். படித்து முடித்ததும் என் மனத்தில் நின்றவன் தம்பிதான். இதில் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நாம் பார்த்து வளர்ந்த கார்ட்டூன்கள் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன.

டோரேமான் கார்ட்டூனில் வரும் சிறுவன் நோபிதாவை நினைத்துப் பார். தேர்வில் பூஜ்யம் வாங்குவான். படுத்த 0.93 விநாடியில் தூங்கிவிடுவான். அழுவான், ஏமாற்றுவான், மறுநாளும் அதையே செய்வான். அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கதை ஓடுவதே அவனுடைய குறைகளை வைத்துத்தான். அவனுடைய தோழி ஷிசுகாவுக்கு என்ன கொடுத்தார்கள்? நல்ல பெண் என்ற பெயர், பியானோ வகுப்பு, கதைக்குத் தேவையே இல்லாத குளியல் காட்சிகள். அவள் வயலினை எடுத்தால் மட்டும் கேட்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அவளைப் பிடித்ததே அந்த ஓர் இடத்தில்தான். ரோபோ பூனை டோரேமானின் தங்கை டோராமியையும் பார்: அண்ணனுக்கு 129.3 குதிரைத்திறன், அவளுக்கு 10,000. இருந்தும் தொடர் அண்ணன் பெயரில்தான். கோளாறு உள்ளவன் அவன்; கதையும் அவனிடமே போய்ச் சேர்கிறது.

நம் மலேசியத் தொடருக்கே வருவோம். 2011இல் டிவி3இல் தொடங்கிய போபோய்பாயில் நம் கோபால் இருக்கிறான். தொடைநடுங்கி, சாப்பாட்டு ராமன், வீடியோ கேம் கிடைத்தால் உலகத்தையே மறப்பவன். அவனுக்குக் கிடைத்த வல்லமையோ, பொருள்களை உணவாக மாற்றுவது! அதனால்தான் பிள்ளைகள் அவன் மேல் அவ்வளவு ஆசை வைக்கிறார்கள். அதே தொடரின் பெண்களில் யாயா புவியீர்ப்பை ஆள்கிறாள், யிங் மின்னலாய் ஓடுகிறாள்; இருவரும் படிப்பிலும் கெட்டி. ஆனால் யாயா சுட்ட பிஸ்கட்டைக் கண்டு நண்பர்கள் ஓட்டமெடுப்பதும், அவள் விடாமல் நீட்டுவதும்தானே நமக்கு நினைவிருக்கிறது? ஒரு பெண் கோபால் எப்போது வருவாள் என்று நான் வெகுநாளாய் ஏங்குகிறேன்.

என்னை மிகவும் உறுத்துவது குரல். அந்தத் தொடரின் நாயகச் சிறுவன் போபோய்பாய்க்குக் குரல் கொடுத்தவர் நூர் ஃபாதியா டியாஸ். ஜப்பானிய கார்ட்டூன் நாயகர்களிலும் அப்படித்தான்: டிராகன் பாலின் கோக்குவுக்கு 1986 முதல் மசாகோ நோசாவா, ஒன் பீஸின் லூஃபிக்கு 1999 முதல் மயூமி தனாகா, நருட்டோ தொடரின் நருட்டோவுக்கு ஜுன்கோ தகேயுச்சி. அனைவரும் பெண்கள். அடங்காப் பசி, வீம்பு, வாய்ச்சவடால், மண்ணைக் கவ்விய பிறகும் எழுந்து கத்துகிற கத்தல் எல்லாம் பெண்ணின் தொண்டையிலிருந்துதான் வருகின்றன. அதே குறும்பைப் பெண் பாத்திரத்துக்கு எழுத மட்டும் பலருக்குக் கை வருவதில்லை. டீமன் ஸ்லேயர் என்ற ஜப்பானியத் தொடரின் நெசுகோவுக்கு அண்ணனையே காக்கும் வலிமை உண்டு. ஆனால் வாயில் மூங்கிலைக் கட்டிவிட்டார்கள்.

எழுதிக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். நவோகோ தகேயுச்சியின் சைலர் மூன் 1992இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அதன் உசாகி ஓர் அழுமூஞ்சி. தூங்கிவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாக ஓடுவாள், மதிப்பெண்ணை வீட்டில் காட்டப் பயப்படுவாள். உலகத்தைக் காப்பவளும் அவளே. 2001இல் வந்த மியாசாகியின் ஸ்பிரிட்டட் அவே படத்தில், பத்து வயது சிஹிரோ காரின் பின்னிருக்கையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடப்பதில்தான் கதை தொடங்குகிறது.

பெண் பிள்ளையை அசடாகக் காட்டினால் பெற்றோர் ஏற்க மாட்டார்கள் என்று உன் விரிவுரையாளர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் கவலையைத் தள்ளிவிடாதே. பெண் என்பதற்காகவே அவளைச் சிரிப்புக்கு ஆளாக்கும் கதைகளை நாம் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டோம். வண்டி ஓட்டத் தெரியாதவள், கரப்பான்பூச்சிக்கு அலறுபவள், அலங்காரப் பைத்தியம், இவை எதுவும் வேண்டாம். அவளுக்கென்று ஓர் ஆசை கொடு. அந்த ஆசைக்காக அவள் தப்பு செய்யட்டும், அதன் விளைவில் அவளே மாட்டிக்கொள்ளட்டும், வெளியே வரும் வழியையும் அவளே தேடட்டும். தம்பி வந்து காப்பாற்ற வேண்டாம், தாத்தாவும் வந்து புத்தி சொல்ல வேண்டாம்.

என்னைக் கேட்டால் முதல் பாகத்திலேயே பணப்பையில் கை வைப்பவள் அக்காவாக இருக்கட்டும். ஐந்து வெள்ளி போதும். அந்தக் காட்சியை மட்டும் மாற்றி எழுதி இந்த வாரத்துக்குள் அனுப்பு. மாமாவும் படிக்கக் கேட்கிறார்.

அன்புடன்,
அத்தை