குசினிக் கதவின் மற்றப் பக்கம்

பரிஸ்,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகளுக்கு,

படத்தை மட்டும் அனுப்பிவிட்டு அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்று கோபித்தாயாம், அம்மா சொன்னா. போனில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், அதுதான் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுவேன். மழையிலும் பனியிலும் உன்னைத் தமிழ் படிக்கத் தமிழ்ச்சோலைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது வீணாகக் கூடாது.

முதலில் ஏச்சு. என் 60ஆவது பிறந்தநாளுக்கு அந்த ஜப்பான்காரரின் பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் எங்களுக்கு மேசை பிடித்துத் தர நீ இவ்வளவு காசு செலவழித்திருக்கத் தேவையில்லை. சரி, ஏசி முடிந்தது.

மொத்தமே 16 பேர் இருக்கலாம். லா சப்பலில் நாங்கள் தோசை சாப்பிடும் கடைகூட அதைவிடப் பெரிது. குசினியில் செஃப்பும் இன்னும் இரண்டு பேரும். சாப்பாடு கொண்டுவந்து வைப்பது அவருடைய மனைவி. ஜப்பான்காரர் என்றதும் பச்சை மீன்தான் வரப்போகிறது என்று அம்மா பயந்துகொண்டே வந்தா. வந்ததெல்லாம் பழைய பிரெஞ்சுச் சாப்பாடு, இப்போது பிரெஞ்சுக்காரரே மெனக்கெட்டுச் செய்யாத வகை.

எனக்கு முதலில் பாத்தே ஆன் க்ரூட். அம்மாவுக்கு வேறு கோப்பை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். பன்றியும் தாராவும் கலந்த இறைச்சியை மாவுக்குள் அடைத்துப் போறணையில் வைக்கிற சாமான்தான் பாத்தே. வேகும்போது இறைச்சி சுருங்கி, மாவுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விழும். மேல்மூடியில் விட்ட ஓட்டையால் எலும்புச்சாறு ஊற்றி, குளிரவைத்து ஜெலியாக இறுகவிட்டு அதை நிரப்ப வேண்டும். நான் வேலைக்கு நின்ற பிரெஞ்சுக் கடையில் 12 வருடம் அதை வெட்டியவன் நான். பத்துத் துண்டு வெட்டினால் மூன்றில் பொந்து தெரியும், அதை எங்கள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவிடுவோம். இவருடைய துண்டை முள்ளுக்கரண்டியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மயிரிழை இடைவெளி இல்லை. அம்மா மேசைக்குக் கீழே காலால் உதைத்தா. இந்தப் பாத்தேக்கு உலகப் போட்டியே நடக்கிறது, ஜப்பான்காரர் அதை ஒருமுறைக்கு மேல் வென்றிருக்கிறார்கள். வெல்லாமல் என்ன செய்வார்கள்!

அம்மா மாடு சாப்பிடமாட்டா என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா? அவர்கள் இறைச்சியோடு நிறுத்தவில்லை. இங்கே எத்தனையோ சோஸுக்கு அடி, கன்றுக்குட்டி எலும்பைப் போறணையில் சிவக்க விட்டு மணிக்கணக்காகக் காய்ச்சிய சாறு. பாத்தேயின் ஜெலியில் கன்றின் கால். மாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு கோப்பையில் அதையே ருசித்துச் சாப்பிட்டுப் போன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நானும் வாய் திறந்ததில்லை. அந்த மனைவி வந்து, "மதாமுக்கு எல்லாவற்றையும் கோழிச்சாற்றில் தனியாகச் செய்திருக்கிறோம்" என்றா. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் மீன், பேர் பிளாங் என்கிற வெண்ணெய்ச் சோஸோடு. எஷலோத் என்கிற சின்ன வெங்காய வகையைப் பொடியாக வெட்டி, வெள்ளை வைனும் வினாகிரியும் விட்டு வற்றவிட்டு, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் திரைந்து எண்ணெயாகப் பிரிந்துவிடும். அவ்வளவுதான் வேலை, ஆனால் கை அறிய வேண்டும்.

இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. 1995இல் எங்கள் கடையில் சோஸ் போடுகிறவன் ஒரு வெள்ளி இரவு வராமல் விட்டுவிட்டான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நீ நிற்கிறாயா?" என்றார். நாலு வருடம் கோப்பை கழுவிக்கொண்டே பார்த்ததில் எனக்கு எல்லாம் அத்துப்படி. பிரெஞ்சு தெரியாது, ஏலாது என்றேன். அது பொய். அது அவர்களின் சாப்பாடு, நாங்கள் கழுவ வந்த ஆட்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு. யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். பிறகு குளிர் சாப்பாட்டுப் பக்கம் போனேன், அடுப்புப் பக்கம் போகவே இல்லை.

ஜப்பான்காரர் அப்படி யோசிக்கவில்லை. ஒசாகாவில் சுஜி என்பவர் 1960இல் தொடங்கிய சமையல் பள்ளி, லியோனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையையே எடுத்துத் தன் மாணவர்களை அங்கே அனுப்பிப் படிப்பித்தது. நகானோவில் பிறந்த கெய் கொபயாஷி 2011இல் இதே பரிஸில் தன் பெயரிலேயே கடை திறந்தார். 2020இல், சாப்பாட்டுக் கடைகளுக்கு நட்சத்திரம் போடுகிற மிஷ்லின் புத்தகத்தின் மூன்று நட்சத்திரம், அதற்கு மேல் இல்லை. பிரான்சில் அதை வாங்கிய முதல் ஜப்பானியர் அவர்தான். எங்கள் பெடியள் இல்லாத குசினி பரிஸில் குறைவு, வாசல் பலகையில் எங்கள் பெயர் இருக்கிற பிரெஞ்சுக் கடை எத்தனை சொல்லு?

கடைசியில் பாணைப் பிய்த்துக் கோப்பையைத் துடைத்துச் சாப்பிட்டேன். அம்மாவுக்கு மானம் போன மாதிரி. கழுவினவனுக்குத்தான் தெரியும், சோஸ் நன்றாக இருந்த இரவில் கோப்பைகள் பாதி கழுவியபடிதான் உள்ளே வரும்.

செஃப் வெளியே வந்தபோது ஜெலியைப் பற்றிச் சொன்னேன். என் கையைப் பார்த்தார், "நீங்களும் இந்தத் தொழிலா?" என்று கேட்டார். குசினியில் வேலை என்றுதான் 30 வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கு, "ஓம், சமையல்காரன்" என்றேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தா.

கோடையில் வருகிறாய்தானே? எஷலோத் வாங்கி வைக்கிறேன், மீனும் சொல்லி வைக்கிறேன். எயர்போர்ட்டில் இருந்து நேரே வீட்டுக்கு வா. சிநேகிதி வீடு, அது இது என்று சுற்றிக்கொண்டு நிற்காதே, பேர் பிளாங் காத்திருக்காது, திரைந்துவிடும்.

அன்புடன்,
அப்பா