வளையமிடும் அனுமதியை ஆண்டாண்டாகத் துண்டாக்க வேண்டாம்: வன நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வன நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பாடும் பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுவிக்கும் தன்னார்வலர்களுக்கு ஆண்டுதோறும் புதிதாக அனுமதி வழங்கும் நடைமுறையைக் கைவிட்டு, ஒரே இடத்துக்குக் குறைந்தது ஐந்தாண்டுகள் தொடர்ந்து அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

காட்டில் பறவைகள் குறைகின்றன என்று அறியக் கண்ணும் காதும் போதும். ஏன் குறைகின்றன என்பதற்கு அவை போதா. குஞ்சுகள் தேறவில்லையா, வளர்ந்த பறவைகள் குளிர்காலத்திலோ வலசைப் பயணத்திலோ மடிகின்றனவா என்பது தெரிந்தால்தான் புதர்களைப் பேணுவதா, காட்டுக்கு வெளியே காரணத்தைத் தேடுவதா என்று நீங்கள் முடிவெடுக்க முடியும். வலையில் விழும் இளம்பறவைகளுக்கும் வளர்ந்தவற்றுக்கும் உள்ள விகிதம் முதல் கேள்விக்கு ஓரளவு விடை தரும். இரண்டாவதற்கு ஒரே பறவையை ஆண்டுகள் கடந்தும் அடையாளம் காண வேண்டும்.

ஒரு கதிர்க்குருவி முதலாண்டில் பிடிபடுகிறது, இரண்டாம் ஆண்டில் காணவில்லை, மூன்றாம் ஆண்டில் அதே எண்ணோடு மீண்டும் சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட ஆண்டில் அது சாகவில்லை, வலைக்குத் தப்பியிருக்கிறது. உயிரோடிருக்கும் பறவை வலையில் சிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை இத்தகைய இடைவெளிகளைக் கொண்டே கணிக்கிறோம். அதைக் கணக்கில் கொண்ட பிறகுதான் பிழைப்பு விகிதம், அதாவது ஓராண்டிலிருந்து அடுத்த ஆண்டுவரை உயிர்தப்பும் பறவைகளின் விகிதம், கிடைக்கும். கார்மாக், ஜாலி, செபர் ஆகிய புள்ளியியலாளர்கள் 1960களில் வகுத்த இந்த முறையில், பிழைப்பு, சிக்கும் வாய்ப்பு இரண்டும் ஆண்டுக்காண்டு மாறுவதாகக் கொண்டால், தொடரின் கடைசி ஆண்டுக்கு மட்டும் பிழைப்பையும் சிக்கும் வாய்ப்பையும் தனித்தனியே பிரிக்க இயலாது. அதாவது, அனுமதி நிற்கும்போதெல்லாம் அடுத்த ஆண்டின் தரவோடு, ஏற்கெனவே உழைத்துச் சேர்த்த ஆண்டின் விடையும் கைநழுவுகிறது. கோப்பில் ஒரு கையெழுத்து தாமதமாவதற்கு இது பெரிய விலை.

வேறிடம் போய்விட்ட பறவையும் இக்கணக்கில் இறந்ததாகவே தெரியும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இங்கே தங்காமல் கடந்து செல்லும் பறவைகளைப் பிரித்தறிய எங்களால் ஆனதைச் செய்கிறோம்: வயிற்று இறகுகளை மெல்ல ஊதி விலக்கும்போது, இறகற்ற தோல் தடித்து இரத்த நாளங்களோடு தெரிந்தால், அது முட்டைகளை அடைகாக்கும் பறவை என்று குறித்துக்கொள்கிறோம்.

பிரிட்டனில் 1983இல் தொடங்கிய நிலையான உழைப்புத் திட்டத்தில், மே முதல் ஆகஸ்ட் வரை 12 முறை, அதே இடத்தில், அதே நீள வலைகளை, அதே நேர அளவுக்கு விரிக்கிறார்கள். வட அமெரிக்காவில் 1989 முதல் இதையொத்த திட்டம் நடக்கிறது. இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு: அதிகம் சிக்கும் இடத்துக்கு வலையை மாற்றினால், எண்ணிக்கை உயர்வது பறவையாலா வலையாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

பறவைகளுக்குத் தீங்கு நேருமோ என்ற உங்கள் கவலை நியாயமானது. மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய வலை தேராத கையில் ஆபத்தானதுதான். ஆகவே பயிற்சி பெற்று உரிமம் வைத்திருப்பவரின் மேற்பார்வை வேண்டும், வலைகளை அடிக்கடி சுற்றிப் பார்க்க வேண்டும், மழையிலும் பலத்த காற்றிலும் விரிக்கவே கூடாது என்பவற்றை அனுமதியின் நிபந்தனைகளாகவே எழுதுங்கள். மீறுவோரின் அனுமதியை இடையில் ரத்து செய்யும் அதிகாரமும் உங்களிடமே இருக்கட்டும். ஒழுங்காக நடப்பவர்கள் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் வாசலில் காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். வலைவரிசையை ஒட்டி மரங்களை வெட்டவோ புதர்களைத் திருத்தவோ நேர்ந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். செடிகள் உயர்ந்தால் பறவைகள் வலைக்கு மேலாகப் பறந்துவிடும். வெட்டினால் வலை வெயிலில் பளிச்செனத் தெரியும். எந்த ஆண்டில் என்ன செய்யப்பட்டது என்ற உங்கள் குறிப்பு கிடைத்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்; பருவம் முடிந்ததும் முழுத் தரவையும் உங்களிடம் ஒப்படைப்போம்.

இப்படிக்கு,
வளையமிடும் தன்னார்வலர்கள் சார்பில் ஒருவர்