விண்டோஸ் திரையில் சொற்களை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். ரெட்மண்டில் உள்ள மைக்ரோசாஃப்ட் தலைமையகத்தில் விண்டோஸின் பட்டன்களுக்கும் ஃபோல்டர்களுக்கும் பெயர் வைக்கும் குழுவினருக்கு இதை எழுதுகிறேன். நிரல் எழுதுவோருக்கோ விலை வைப்போருக்கோ இல்லை. ஒரு பட்டனில் எந்தச் சொல் இருக்க வேண்டும் என்று கூடிப் பேசி முடிவு செய்கிறவர்கள் நீங்கள். உலகத்தில் பாதிக்கு மேல் மேசைக் கணினிகளில் அந்தச் சொல்தான் தினமும் வாசிக்கப்படுகிறது. அதனால் உங்களிடமே கேட்கிறேன்: “வேண்டாம்” என்று சொல்ல எங்களுக்கு ஒரு பட்டன் கொடுங்கள். சொன்னால் அது நிற்கவும் வேண்டும்.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தது. திரையின் இடது மேல் மூலையில் “மை கம்ப்யூட்டர்”, அதாவது “என் கணினி”, இருந்தது. தமிழ்நாட்டில் என் தலைமுறைக்காரர்கள் பலர் அதை முதலில் பார்த்தது சொந்த வீட்டில் இல்லை. பிரவுசிங் சென்டரில், மணிக் கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்த பலகைத் தடுப்புக்குள். அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரருடையது, நாற்காலிகூட அவருடையது. ஆனாலும் கற்றுக்கொடுத்தவர் சொன்ன முதல் வாக்கியம் “மை கம்ப்யூட்டரை ஓப்பன் பண்ணு” என்பதுதான். அதைத் திறந்தால் சி டிரைவ், டி டிரைவ், ஃபிளாப்பி. பிற்பாடு பென் டிரைவைச் செருகினால் அதுவும் அங்கேதான் வந்து நிற்கும். எது எங்கே இருக்கிறது என்று முழுதாகக் காட்டிய இடம் அது. சொந்தமாக இல்லாத பொருளை ஒரு மணி நேரத்துக்குச் சொந்தம்போலக் கையாள அந்தப் பெயர் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது என்று இன்றும் நம்புகிறேன். பயந்து பயந்து மவுஸைத் தொட்டவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

விண்டோஸ் 98-இல் “மை டாக்குமெண்ட்ஸ்” டெஸ்க்டாப்புக்கு வந்தது. அடுத்து “மை பிக்சர்ஸ்”, “மை மியூசிக்”, “மை நெட்வொர்க் பிளேசஸ்”. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எங்கே பார்த்தாலும் “மை”. கொஞ்சம் திகட்டியது உண்மை. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டாவை எல்லோருக்கும் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் “கம்ப்யூட்டர்”, “டாக்குமெண்ட்ஸ்”, “பிக்சர்ஸ்” என்று வைத்தீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. அலுவலகக் கணினியில் “மை” என்பது பொருத்தமில்லாமல்தான் இருந்தது. வீட்டிலும் அப்படித்தான். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. பல குடும்பங்களுக்கு அதுவே முதல் கம்ப்யூட்டர். பெயர் என்னவோ பிள்ளையுடையது, ஆனால் அப்பாவின் விண்ணப்பம், தங்கையின் பாடம், பக்கத்து வீட்டாரின் ரயில் டிக்கெட் எல்லாம் அதில்தான். அங்கே “என்னுடையது” என்று ஒற்றை ஆள் பேசுவது அவ்வளவு சரியில்லை. விஸ்டா நீக்கியது ஒரு சொல்லை மட்டும்தான். ஃபோல்டர் அந்தக் கணினியிலேயே இருந்தது, பயனரின் பெயரையும் தாங்கி நின்றது.

2013 அக்டோபரில் விண்டோஸ் 8.1 வந்தபோது “கம்ப்யூட்டர்” என்பது “திஸ் பிசி” ஆனது. அதற்குள், கோப்புகளை இணையத்தில் (“மேகத்தில்”) சேமிக்கும் உங்கள் ஒன்டிரைவ் சேவை, ஸ்கைடிரைவ் என்ற பழைய பெயரில் விண்டோஸுக்குள் நுழைந்துவிட்டது. இந்தக் கணினியில் இருப்பது ஒன்று, வேறெங்கோ இருப்பது ஒன்று என்று பிரித்துக் காட்ட “திஸ்” தேவைப்பட்டிருக்கும் என்று புரிந்துகொள்கிறேன். என் மனவருத்தம் இதற்குப் பிறகு நடந்தவை பற்றியது.

“மை கம்ப்யூட்டர்” என்றால் பேசுவது பயனர். “யுவர் ஃபைல்ஸ்” என்றால் பேசுவது நிறுவனம், பயனர் கேட்டுக்கொண்டிருப்பவர். “வீ ஆர் கெட்டிங் எவ்ரிதிங் ரெடி ஃபார் யூ” என்று நீலத் திரையில் வரும்போது வேலை செய்வதும் நிறுவனம், பேசுவதும் நிறுவனம். இப்படிச் சொல்லுக்குச் சொல் பயனரின் குரலை எடுத்துவிட்டு உங்கள் குரலை வைத்தீர்கள். ஆனால் முழுதாக எடுக்கவில்லை. தன்மை ஒருமை இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எங்கே என்று தேடிப் பார்த்தேன்.

“ரிமைண்ட் மீ இன் 3 டேஸ்.” கணினியை வாங்கி எல்லாம் அமைத்து முடித்து வேலையும் ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் காலை திரை முழுக்க வந்து “உங்கள் கணினியை அமைத்து முடிக்கலாம்” என்கிறதே, அந்தத் திரையில் இந்தப் பட்டன் இருக்கிறது. வேண்டாம் என்பவர் அழுத்த வேறு பட்டன் இல்லை. 3 நாள் கழித்து என்னை மறுபடி தொந்தரவு செய் என்று எங்கள் வாயாலேயே கேட்க வைக்கிறீர்கள்.

இன்னோர் இடம் இதைவிட மனதைச் சுடுகிறது. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றின் ஒன்டிரைவ் பேக்கப்பை ஒருவர் நிறுத்தினால், அவருடைய பழைய ஃபோல்டர் காலியாகக் கிடப்பதுண்டு. கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டரிலேயே தங்கியிருக்கும். காலியான இடத்தில் ஒரு ஷார்ட்கட் மட்டும் வைக்கப்பட்டிருக்கும். அதன் பெயர் “வேர் ஆர் மை ஃபைல்ஸ்”. 1998-இல் “என் ஆவணங்கள்” என்று உரிமையோடு சொன்ன பயனர், தன் கணினியிலேயே “என் கோப்புகள் எங்கே” என்று கேட்கும் நிலை. இந்தப் பெயரை எழுதியவர் உதவும் எண்ணத்தில்தான் எழுதியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கேள்வி எழ வேண்டிய நிலைமையை உருவாக்கியது யார்?

பேக்கப் வேண்டாத ஒன்று என்று நான் வாதிடவில்லை. ஹார்டு டிஸ்க் செத்துப்போய்ப் பிள்ளையின் குழந்தைப் பருவப் படங்களை இழந்த வீடுகள் எத்தனையோ. மேகத்தில் ஒரு நகல் இருப்பது நல்லது. நகல் என்பது வேறு, இடமாற்றம் வேறு. பேக்கப் என்ற சொல்லைக் கேட்டால் இங்கே யாரும் புரிந்துகொள்வது, அசல் இருந்த இடத்தில் இருக்கும், கூடுதலாக ஒரு பிரதி வெளியே இருக்கும் என்பதைத்தான். நீங்கள் செய்வது அந்த ஃபோல்டரின் முகவரியையே மாற்றி ஒன்டிரைவுக்கு உள்ளே கொண்டுபோய் வைப்பது. வெளியே பெயர் மட்டும் அதே “டாக்குமெண்ட்ஸ்”. இலவச அளவு 5 ஜிபி. திருமண வீடியோ ஒன்றே அதை நிரப்பிவிடும். நிரம்பியதும் இடம் போதவில்லை என்ற அறிவிப்பு வருகிறது. தன் லேப்டாப்பில் 300 ஜிபி காலியாக இருப்பதைப் பார்க்கும் ஒருவர் இந்த அறிவிப்பை எப்படிப் புரிந்துகொள்வார்?

பயனரின் ஃபோல்டருக்கே வருவோம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதுக் கணினியை அமைத்தால், சி டிரைவில் யூசர்ஸ் என்பதற்குள் உருவாகும் ஃபோல்டருக்கு மின்னஞ்சல் முகவரியின் முதல் 5 எழுத்துகள் பெயராகின்றன. பலருக்கு அது பாதியில் வெட்டிய பெயராக முடிகிறது. பிறகு அதை மாற்றுவது சாதாரணமான வேலை இல்லை. எந்தப் பெயரில் இருக்கட்டும் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். விண்டோஸ் 11 ஹோம் 2021-இல் வந்தபோதே முதல் அமைப்புக்கு இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கட்டாயம். அடுத்த ஆண்டு புரோ பதிப்பைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியவர்களுக்கும் அதே கட்டாயம். கணக்கு இல்லாமல் உள்ளே போக ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்த கட்டளைக் குறுக்குவழிகளையும் 2025-இல் சோதனைப் பதிப்புகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டீர்கள். முழுப் பணம் கொடுத்து வாங்கிய லேப்டாப்பைத் திறந்து பார்க்கவே இன்னொரு நிறுவனத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

உரிம ஒப்பந்தத்தில் “மென்பொருள் உரிமம் தரப்படுகிறது, விற்கப்படுவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி அது சரி. ஆனால் நாங்கள் கடையில் வாங்கியது உரிமம் மட்டும் இல்லை. திரை, விசைப்பலகை, பேட்டரி, டிஸ்க், எல்லாம் சேர்ந்த பொருள். அதற்கு ரசீது இருக்கிறது. அதன் மேல் ஓடும் மென்பொருள் வாடகைக்கு என்பதால் பொருள் முழுவதும் வாடகைக்கு வந்ததாக ஆகாது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் புத்தகம், திரைப்படம், விளையாட்டு போன்றவற்றை விற்பவர்கள், கொடுப்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் “பை” (வாங்கு) என்ற பட்டனை வைக்கக்கூடாது. ஒரு பட்டனில் இருக்கும் சொல் உண்மை பேச வேண்டும் என்று சட்டமன்றமே சொல்லும் காலம் வந்துவிட்டது.

ஒரு செட்டிங்ஸ் பக்கத்தில் “இவற்றில் சிலவற்றை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது” என்று வரும். அலுவலகத்தில் அது சரியான தகவல். எந்த நிறுவனத்திலும் சேராத ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டுக் கணினியிலும் அதே வரி வந்திருக்கிறது. அவருக்கு அதைப் படித்ததும் வரும் பயம் நியாயமானது: என் கம்ப்யூட்டரை யார் நிர்வகிக்கிறார்கள்?

இதெல்லாம் உங்களால் முடியாத காரியம் இல்லை என்பதும் தெரியும். விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லி 2016-இல் வந்த அறிவிப்பை நினைத்துப் பாருங்கள். மூலையில் இருந்த எக்ஸ் குறியை அழுத்தி மூடினாலும் குறித்த தேதியில் அப்டேட் நடக்கும் என்று அமைத்திருந்தீர்கள். எக்ஸ் என்றால் வேண்டாம் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே நீங்கள்தான். கண்டனம் எழுந்த பிறகு மறுப்பதற்கு வெளிப்படையான வழி வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உங்கள் சந்தைப்படுத்தல் தலைவர் கிறிஸ் கபோசெலாவே எல்லை மீறிவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2024 மே மாதம் அறிவித்த ரீகால், சில விநாடிகளுக்கு ஒரு முறை திரையைப் படம் பிடித்து வைக்கும் வசதி, முதலில் தானாகவே இயங்குவதாக இருந்தது. எதிர்ப்பு வந்ததும் ஜூன் மாதமே பயனர் சரி என்றால் மட்டும் என்று மாற்றினீர்கள். “அப்டேட் அண்ட் ஷட் டவுன்” என்று அழுத்தினாலும் கணினி அணையாமல் மறுபடி விழித்துக்கொண்ட நெடுநாள் பிழையை 2025 அக்டோபரில் சரி செய்தீர்கள். இரவு அணைத்துவிட்டுத் தூங்கப் போனவர்களுக்கு நன்மை செய்தீர்கள், நன்றி.

ஐரோப்பாவில் என்ன நடந்தது என்பதும் இருக்கிறது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அங்குள்ள டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் காலக்கெடு 2024 மார்ச். அதற்குள் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் இருப்பவர்கள் உங்களுடைய எட்ஜ் பிரவுசரையும் பிங் தேடலையும் நீக்கிக்கொள்ள வழி செய்துவிட்டீர்கள். லிஸ்பனில் இருப்பவருக்கு நீக்கும் பட்டன் உண்டு, திருநெல்வேலியில் இருப்பவருக்குக் கிடையாது. ஒரே விண்டோஸ், ஒரே கோப்புகள், நாடு எது என்ற ஒரு குறிப்பு மட்டும் வேறு. இது தொழில்நுட்பத் தடை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே, “மை கம்ப்யூட்டர்” என்ற பழைய பெயரைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பெயரை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் வைத்துக்கொண்டால் அது இன்னும் மோசம். “பிறகு”, “3 நாளில்”, “இப்போது வேண்டாம்” என்ற பட்டன்கள் இருக்கும் ஒவ்வொரு திரையிலும் “வேண்டாம், மறுபடி கேட்காதே” என்பதையும் அதே அளவில், அதே நிறத்தில் வையுங்கள். முதல் அமைப்பில், கணக்கு இல்லாமல் தொடரும் வழியை ஒளிக்காமல் பெயர் சொல்லி எழுதுங்கள். பயனர் ஃபோல்டருக்கு என்ன பெயர் என்று அவரையே கேளுங்கள். “டாக்குமெண்ட்ஸ்” ஒன்டிரைவுக்குள் போய்விட்டால் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே அதைச் சொல்லுங்கள், கண் தெரியாத அளவு சின்ன மேகக் குறியால் இல்லை, எழுத்தால். பேக்கப்பை நிறுத்தும்போது கோப்புகள் தாமாகவே பழைய இடத்துக்குத் திரும்பட்டும். நிறுவனம் எதுவும் இல்லாத வீட்டுக் கணினியில் “உங்கள் நிறுவனம்” என்ற வரி வேண்டாம்.

ஐரோப்பாவுக்குக் கொடுத்த நீக்கும் பட்டனை இந்தியாவிலும் இலங்கையிலும் மற்ற நாடுகளிலும் கொடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால், அது இருக்க வேண்டிய இடத்திலேயே ஏன் இல்லை என்ற காரணத்தை ஒரு வரியில் எழுதிவையுங்கள். சொற்களை எழுதுவது உங்கள் கையில்தானே இருக்கிறது.

இப்படிக்கு,
விண்டோஸ் 98 காலத்திலிருந்து உங்கள் சொற்களை வாசித்துவரும் ஒரு தமிழ்ப் பயனர்