பந்தயத் தடத்து கியர்பாக்ஸ் ஏற்காடு மலைச்சாலைக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆட்டோமேட்டிக் கார்களை வாங்கி இன்ஜின் திறனைக் கூட்டிக்கொள்ளும் ஆர்வம் சேலத்து இளைஞர்களிடையே பெருகி வருகிறது. இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் டர்போவுக்கும், இன்ஜினை இயக்கும் கணினியான இ.சி.யு.வின் மாற்றத்துக்கும் தாராளமாகச் செலவிடுகிறவர்கள், அந்தக் கூடுதல் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டிய கியர்பாக்ஸைக் கடைசியாகத்தான் நினைக்கிறார்கள். அதையும் நேர்த்தடத்தில் குறுந்தூரம் பாயும் அமெரிக்க டிராக் பந்தயக்காரர்களின் முறைப்படியே செய்துதரச் சொல்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

பழையது என்பதாலேயே ஒரு கியர்பாக்ஸ் வலுவற்றதாகிவிடாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1964-ஆம் ஆண்டு மாடல்களில் கொண்டுவந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400, மூன்றே கியர் உடையதாயினும், ரோல்ஸ் ராய்ஸும் ஜாகுவாரும் வாங்கித் தங்கள் கார்களில் பொருத்திக்கொண்ட அளவுக்கு உறுதியானது. இரண்டே கியர் உடைய பவர்கிளைடு இன்றும் டிராக் பந்தயங்களில் ஓடுகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் இவற்றைக் காண்பது அரிது. ஆனால் இவற்றை வலுப்படுத்திய முறைகளைத்தான் நம்மவர்கள் பழைய பென்ஸ் கார்களில்கூடச் செய்யச் சொல்கிறார்கள்.

பந்தயக் காருக்கு வேலை கால் மைல்தான், அதாவது சுமார் 400 மீட்டர். அதற்காக, இன்ஜின் நிமிடத்துக்கு 3,500 சுழற்சியை எட்டும்வரை வழுக்கிக்கொண்டே இருக்கும் டார்க் கன்வெர்ட்டரை (இன்ஜின் விசையை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பொருத்துவார்கள். அதே கன்வெர்ட்டருடன் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறினால், அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறி ஆயிலில் இறங்குகிறது. ஏ.டி.எஃப். எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டிய பின், ஏறத்தாழ ஒவ்வொரு 11 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது எங்கள் தொழிலில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. இப்படி வெந்த கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான ‘பான்’ என்பதைக் கழற்றினால், சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுத்துத் தீய்ந்த வாடை அடிக்கும்; அடியிலுள்ள காந்தத்தில் இரும்புத்தூள் சேறாக அப்பியிருக்கும்; கிளட்ச் ஸ்டீல் பிளேட்டுகளில் நீலத் திட்டுகள் தெரியும்.

ஆகவே நம் ஊரில் முதல் செலவு தனி ஆயில் கூலருக்கும் ஆழமான பானுக்கும்தான் இருக்க வேண்டும். ஆயிலை ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம் என்று சேவை மையம் ஒன்று சொன்னதை நம்பிய வாடிக்கையாளரின் கார் என் பட்டறைக்குத் தூக்கி வரப்பட்டது. வேறென்ன சொல்ல?

கிளட்ச் விஷயத்திலும் நிதானம் தேவை. கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கப்படும் டிரம்மில் கூடுதல் பிளேட் அடங்குவதற்காக ஸ்டீல் பிளேட்டுகளை மெலிதாக்குகிறார்கள். பிடிமானம் கூடுவது உண்மையே. ஆனால் மெலிந்த ஸ்டீல் சூட்டைத் தாங்காது. கியர் மாறும் விதத்தைத் திருத்தும் உதிரிபாகத் தொகுப்பான ஷிஃப்ட் கிட் போட்டு ஆயில் அழுத்தத்தை அளவோடு உயர்த்தினால், கியர் மாறும் நொடியில் கிளட்ச் வழுக்குவது குறைந்து அதன் ஆயுள் கூடும். அளவு மீறினால் ஒவ்வொரு மாற்றமும் அடியாக விழுந்து ஷாஃப்ட்டையே பதம் பார்க்கும். விசையை கியர்பாக்ஸுக்குள் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்ட் உடைந்தால், அதற்குப் பதிலாக, எந்த ஸ்டீல் என்று கேட்காமல், ஹீட் ட்ரீட்மென்ட்டும் செய்யாமல் லேத்தில் கடைந்து போடுவது இங்கே சர்வசாதாரணம். அது எத்தனை நாள் நிற்கும் என்பதைக் கடைந்தவரே சொல்ல மாட்டார்.

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஆயிலைத் திருப்பிவிட்டு கியரை மாற்றும் வால்வு பாடியின் பந்தய வகை. இவற்றில் பலவற்றில் முதல் கியரில் இன்ஜின் பிரேக்கிங்கே, அதாவது ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியின் வேகத்தை இழுத்துப்பிடிப்பது, இருக்காது. நேர்த்தடத்தில் அதற்கு அவசியமில்லை என்று நீக்கிவிடுவார்கள். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் நோக்கி இறங்கும்போது லீவரை முதல் கியரில் வைத்தாலும் வண்டி தன் போக்கில் உருண்டு, முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடேறிப் பிடிமானம் இழந்தால், உயிருக்கே ஆபத்தாவது காரில் இருப்பவர்களுக்கு மட்டுமன்று, எதிரே வருபவர்களுக்கும்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு விதித்திருப்பதைப் பலர் அறிவர். ஆனால் கியர்பாக்ஸுக்குள் என்ன மாற்றப்பட்டது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. எனவே, மாற்றியமைத்த கியர்பாக்ஸுடன் கார் வாங்குகிறவர்கள், எந்தெந்த கியரில் இன்ஜின் பிரேக்கிங் உண்டு என்பதை வேலை செய்த பட்டறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுமாறு தங்கள் வாகனப் பக்கத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கியர்பாக்ஸ் மெக்கானிக்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.