முக்கும் கடுவனுக்கு இளநீர் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடுவன், அதாவது ஆண் பூனை, மணல் தட்டில் போய் உட்காருகிறது, முக்குகிறது, எழுந்து வருகிறது, ஐந்தே நிமிடத்தில் மறுபடி போகிறது. தட்டைப் பார்த்தால் மணல் காய்ந்து கிடக்கிறது. இதைக் கண்டதும் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை ‘சூடு’. இளநீர், பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம் என்று மனிதர்களின் நீர்க்கடுப்புக்குக் கொடுப்பதையெல்லாம் சிரிஞ்சில் எடுத்துப் பூனையின் வாயிலும் ஊற்றுகிறார்கள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பவர்களும் உண்டு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ராத்திரி போய்விடுகிறது. சிறுநீர் வழி முழுதாக அடைத்துக்கொண்ட கடுவன் ஒன்றிரண்டு நாளிலேயே செத்துப்போகலாம். தீபாவளி நெருங்கும் இந்த நேரத்தில் உங்கள் வாசகர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

பெண் பூனையின் சிறுநீர்க்குழாய் குட்டை, அகலமும் அதிகம். கடுவனுக்கு அது நீளம். குறிக்குள் ஓடும் கடைசிப் பகுதி மிகவும் குறுகல். மருத்துவர்கள் அதற்குள் செலுத்தும் கதீட்டர் என்னும் மெல்லிய குழலே 3 அல்லது 3.5 ஃபிரெஞ்ச் அளவுதான். 3 ஃபிரெஞ்ச் என்பது ஒரு மில்லிமீட்டர் தடிமன். அந்த இடுக்கில் சளி, புரதம், உதிர்ந்த செல்கள், ஸ்ட்ருவைட் என்னும் படிகத் துகள்கள் எல்லாம் கலந்த பசை வந்து அடைத்துக்கொள்ளும். சில பூனைகளுக்குச் சிறு கல் சிக்கும். பசையோ கல்லோ எதுவுமே இல்லாமல், குழாயின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகியே வழி மூடிவிடுவதும் உண்டு.

இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது கிருமி இல்லாத சிறுநீர்ப்பை அழற்சி. இளம் வயதுப் பூனைகளில் கிருமித் தொற்று அபூர்வம். பத்து வயது தாண்டியவை, சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ளவை ஆகியவற்றுக்குத்தான் அது அதிகம். அழற்சியைத் தூண்டிவிடுவதில் பதற்றத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வெடிச்சத்தம், வீடு நிறைய விருந்தாளிகள், வீடு மாறுவது, புதிதாக வந்த இன்னொரு பூனை, வழக்கமான தட்டை இடம் மாற்றியது என்று எதுவும் காரணமாகலாம். பட்டாசுக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் பூனை தண்ணீரும் குடிக்காது, சிறுநீரையும் அடக்கிக்கொண்டே கிடக்கும். வெளியே போய் மண்ணில் சிறுநீர் கழித்துப் பழகியது அடைமழையிலும் இதையே செய்யும்.

இளநீருக்கு வருகிறோம். சிறுநீர் போக வழியில்லாதபோது சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவுகளில் மிகவும் ஆபத்தானது பொட்டாசியம். பூனையின் ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5.5 மில்லிமோல் வரை இருக்கலாம். 8-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். மருத்துவமனை மேசையில் மிரண்டுபோய் இருக்கும் பூனைக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 160 முதல் 220 வரை இருக்க வேண்டும். அடைப்போடு வந்த பூனைக்கு அது 120-க்குக் கீழே இறங்கி, உடம்பும் சில்லிட்டிருந்தால் ரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன்பே மருத்துவர் ஓட ஆரம்பிப்பார். இந்த நிலையில் உள்ள பூனைக்கு, 100 மில்லியில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ள இளநீரைப் புகட்டினால் என்ன ஆகும்? வாழைத்தண்டிலும் பொட்டாசியம் நிறைய. சிறுபீளையும் நெருஞ்சிலும் சிறுநீரைப் பெருக்கக் கொடுப்பவை. வாசல் மூடிக் கிடக்கும்போது உள்ளே பெருகும் நீர் சிறுநீர்ப்பையைத்தான் கிழிக்கப் பார்க்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஃப்ரூசமைடு மாத்திரையும் அப்படியே.

“எங்கள் பூனைக்கு இளநீர் கொடுத்தோம், சரியாகிவிட்டதே” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தப் பூனைக்கு அடைப்பு இல்லை, அழற்சி மட்டும் இருந்தது. அடைப்பில்லாத அழற்சி எந்த மருந்தும் இல்லாமலே ஐந்து முதல் ஏழு நாளில் பெரும்பாலும் தணிந்துவிடும். பேர் மட்டும் இளநீருக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை அடைப்போடு நிற்கும் கடுவனுக்கும் அதையே கொடுக்கிறார்கள்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? அழற்சி மட்டுமென்றால் அடிக்கடி போனாலும் ஒவ்வொரு முறையும் சில சொட்டாவது விழும். ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக இருக்கலாம். சிறுநீர்ப்பை சிறுத்தே இருக்கும். அடைப்பு என்றால் ஒன்றும் வராது, அல்லது கசிவு மாதிரி ஒரு சொட்டு. குறியை ஓயாமல் நக்கும்; நுனி சிவந்தோ கருஞ்சிவப்பாகவோ நீட்டிக்கொண்டிருக்கும். ஈனக்குரலில் கத்தும். பிறகு சாப்பாட்டை ஒதுக்கும், வாந்தி எடுக்கும், மூலையில் முடங்கும். கத்தல் நின்று அமைதியாகிவிட்டால் தேறிவிட்டது என்று எண்ண வேண்டாம். விஷம் தலைக்கேறுகிறது என்று அர்த்தம். பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் வயிற்றை இரு பக்கமும் விரல்களால் மெல்லத் தொட்டால், அடைப்புள்ள பூனையில் சாத்துக்குடி அளவுக்குக் கெட்டியான உருண்டை தட்டுப்படும். தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றலாம் என்று முயன்றால் பை உள்ளேயே கிழிந்துவிடும். உருண்டை கைக்குத் தெரியவில்லை, மலத்துக்கு முக்குகிறதா சிறுநீருக்கா என்று குழப்பமாக இருக்கிறது என்றாலும், கடுவன் விஷயத்தில் அடைப்பு என்றே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்பதை நினைவுபடுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மயக்கம் கொடுக்க நேரும் என்பதால் சாப்பாடு வேண்டாம். மூடியுள்ள கூடையில் துண்டு விரித்து வையுங்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ஒரு 500 மி.கி. மாத்திரையே கொன்றுவிடும். டைக்ளோபினாக், ஐபுப்ரோபன் இரண்டும் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை அழித்துவிடும். போகுமுன் மருத்துவமனைக்குப் போன் செய்து, “கடுவனுக்கு அடைப்பு, ஆண் பூனைக்கான டாம்கேட் கதீட்டர் இருக்கிறதா, இன்று இரவு உள்நோயாளியாக வைத்துக்கொள்வீர்களா” என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள். இல்லாத இடத்துக்குப் போய்த் திரும்பும் ஒரு மணி நேரத்தை அந்தப் பூனையால் தாங்க முடியாமல் போகலாம்.

அங்கே நடப்பது என்ன என்று தெரிந்திருந்தால் ஏன் இவ்வளவு செலவு, ஏன் இத்தனை நாள் என்ற சந்தேகம் வராது. இதயம் தடுமாறினால் முதலில் கால்சியம் குளுக்கோனேட்டை இ.சி.ஜி. பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்றுவார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்துக்கு ஏறக்குறைய அரைமணி நேரக் காவல், அவ்வளவே. அந்த இடைவெளியில் குளுக்கோஸ், தேவைப்பட்டால் இன்சுலின், கூடவே டிரிப். பொட்டாசியம் இருப்பதால் ரிங்கர் லாக்டேட் என்னும் டிரிப் திரவம் கூடாது என்ற பழைய தயக்கம் தேவையில்லை. அதில் லிட்டருக்கு 4 மில்லிமோல்தான், அடைப்பால் பொட்டாசியம் ஏறிய பூனையின் ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. பிறகு மயக்கம் கொடுத்து அடைப்பை நீக்குவார்கள். குறியின் நுனியை விரலால் நீவியே பசை வந்துவிடுவதும் உண்டு. இல்லையென்றால் கதீட்டர். இங்கேதான் கைப்பக்குவம் வேண்டும். குழாயில் இயல்பாகவே ஒரு வளைவு இருக்கிறது. குறியை வால் பக்கமாக இழுத்துப் பிடித்தால்தான் அது நேராகும். கதீட்டரை முட்டித் தள்ளாமல் சலைனைப் பீய்ச்சிப் பீய்ச்சி வழி ஏற்படுத்த வேண்டும். பலம் காட்டினால் குழாய் கிழியும், ஆறும்போது தழும்பு விழுந்து நிரந்தரமாகக் குறுகிவிடும். நுனியே அடைத்திருந்தால் ஊசியை உருவிவிட்டு, ஐ.வி. கேனுலாவின் பிளாஸ்டிக் உறையால் முதலில் வழி திறப்பார்கள். அடைப்பு நீங்கியதும் மென்மையான கதீட்டரைத் தையல் போட்டு நிறுத்தி, அதோடு இணைத்த சேகரிப்புப் பையில் சேரும் சிறுநீரை அளப்பார்கள்.

அடைப்பு எடுத்தாயிற்று, வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று அன்றே கிளம்புவது பெரிய ஆபத்து. நாலு கிலோ பூனைக்கு மணிக்கு 4 முதல் 8 மில்லி சிறுநீர் வருவது இயல்பு. அடைப்பு நீங்கிய பிறகு இது பல மடங்காகும். அதற்கு ஈடாக டிரிப் ஏறாவிட்டால் உடம்பு வற்றிவிடும்; அதுவரை ஏறிக் கிடந்த பொட்டாசியம் இப்போது தேவைக்கும் கீழே போகும். அதனால்தான் கதீட்டரோடு ஒன்று முதல் மூன்று நாள் வரை வைத்திருக்கச் சொல்கிறார்கள். கதீட்டரை எடுத்த பின் தானாக ஒருமுறையாவது தாராளமாகச் சிறுநீர் கழித்ததைப் பார்த்துவிட்டே அழைத்துச் செல்லுங்கள். மறு அடைப்பு பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் வரும். அந்த ஒரு வாரம் நக்கவிடாமல் தடுக்கும் கழுத்துக் கூம்போடு தனி அறை, தட்டில் சிறுநீர் பட்டுத் திரளும் ஒவ்வொரு மணல் கட்டியையும் கவனிப்பது, வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுப்பது. ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் தேவையில்லை. கடையில் கேட்டு என்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போடுவது கூடவே கூடாது. அளவு மிஞ்சினால் பூனைக்குப் பார்வை போய்விடும்.

திரும்பத் திரும்ப அடைப்பவற்றுக்குக் குறுகலான பகுதியையே நீக்கி அகலமான வாய் அமைக்கும் அறுவை சிகிச்சை உண்டு. அது அடைப்பைத் தடுக்கும், அழற்சியை ஆற்றாது. கல் இருந்தால் எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து வகையைக் கணிக்க வேண்டும். சிறுநீர்ப்பையில் உள்ள ஸ்ட்ருவைட் கல் சிறப்பு உணவால் சில வாரங்களில் கரையும். கால்சியம் ஆக்ஸலேட் கல் எதற்கும் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். 1980-களில் மேலைநாட்டு நிறுவனங்கள் பூனை உணவில் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரைப் புளிப்பாக்கின. ஸ்ட்ருவைட் குறைந்தது, ஆக்ஸலேட் கூடியது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கல் ஆய்வு மையப் பதிவுகளில் இது தெளிவாகவே இருக்கிறது. எனவே பரிசோதனை இல்லாமல் ‘யூரினரி’ என்று அச்சிட்ட பாக்கெட்டை வாங்கிப் போடுவதோ, வினிகர் கலப்பதோ வேண்டாம்.

வராமல் காப்பதில் தண்ணீரைவிட முக்கியம் எதுவும் இல்லை. நாலு கிலோ பூனைக்கு உணவிலும் குடிப்பதிலுமாக ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி வேண்டும். பாக்கெட் உலர் உணவு 60 கிராம் சாப்பிட்டால் அதில் கிடைப்பது 5 மில்லிதான். மீதி முழுவதையும் பூனை குடித்தாக வேண்டும், ஆனால் அது இயல்பாகவே குறைவாகக் குடிக்கும் பிராணி. உலர் உணவுதான் கட்டுப்படியாகும் என்றால் சம அளவு வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக் கொடுங்கள். நம் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த மீனின் தண்ணீரை அதில் கலந்தால் விட்டுவைக்காது. கருவாடு தினசரி உணவு ஆகாது. தண்ணீர்க் கிண்ணம் வாய் அகன்றதாக, சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் மணல் தட்டிலிருந்தும் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வேண்டும். தினமும் அள்ள வேண்டும். கருத்தடை செய்ததால்தான் அடைப்பு என்று சொல்லி அதைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கருத்தடையால் குழாய் குறுகுவதில்லை. பிறகு அசையாமல் கிடந்து கொழுப்பதுதான் வினை. அளந்து போடுங்கள், விளையாட வையுங்கள். தீபாவளி நாள்களில் உள்ளறை ஒன்றில் சன்னலைச் சாத்தி, தட்டும் தண்ணீரும் ஒளிய ஒரு அட்டைப் பெட்டியும் வைத்துவிடுங்கள். தினம் இருமுறை தட்டைப் பாருங்கள்.

கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு வேண்டுகோள். மாவட்டத் தலைமை இடங்களில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் 3, 3.5 ஃபிரெஞ்ச் டாம்கேட் கதீட்டர், உள்ளே நிறுத்தி வைக்கும் மென்மையான கதீட்டர், சேகரிப்புப் பை, கால்சியம் குளுக்கோனேட் ஆகியவை எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். இரவில் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும், எடுத்துப் பேச ஒரு மருத்துவரும் வேண்டும். தங்கள் நாளிதழும் அந்தந்த மாவட்டப் பதிப்பில், இரவு நேரத்தில் பூனைகளைச் சேர்த்துக்கொள்ளும் அரசு, தனியார் மருத்துவமனைகளின் பட்டியலைத் தீபாவளிக்கு முந்தைய வாரமே வெளியிட்டு உதவ வேண்டும்.

இப்படிக்கு,
செல்லப்பிராணிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர்கள் சிலர்,
திருச்சி.