டைல்ஸ் விளம்பரத்துக்குக் கீழே ஓர் அறிவுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் முதியோர் விழாமல் இருப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்தது. ‘வீட்டில் பெரியவர்கள் விழுவதற்குப் பெரும்பாலும் கவனக்குறைவே காரணம்’ என்று அதில் ஒரு வரி. எழுதியவருக்கு முப்பது வயதுகூட இருக்காது என்று தோன்றுகிறது. நன்றாக இருக்கட்டும்.

என் கணவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். (இப்போது டிரெயின் மேனேஜராம், வேலை அதேதான்.) வண்டி நடுக்காட்டில் நின்றால் மழையானாலும் இருட்டானாலும் கைவிளக்கோடு ஜல்லியில் இறங்கி நடந்தவர். அங்கெல்லாம் விழாத மனிதர் 74 வயதில் சொந்த வீட்டுக் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கவனக்குறைவாம்!

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள். ராத்திரியில் அடிக்கடி எழுந்து போகிறார் என்று புராஸ்டேட்டுக்கும் ஒரு மாத்திரை. இரண்டும் சேர்ந்தால், படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டலாம் என்று ஒருவர் வாய் திறக்கவில்லை. படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் மருந்தைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். அவ்வளவுதான். ஸ்கேன் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். பில் போட முடியாது என்பதாலோ என்னவோ, நாங்கள் போன இடத்தில் செய்யவில்லை. உங்கள் கட்டுரையிலும் மாத்திரை என்ற பேச்சே இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

விழும்போது அவர் பிடித்தது துண்டு போடும் கம்பியை. அது சுவரோடு பெயர்ந்து வந்தது. கதவோ உள்பக்கம் திறப்பது, தாழ்ப்பாளும் போட்டிருந்தார். கதவை அடைத்துக்கொண்டு அவர் கிடக்க, பக்கத்து வீட்டுத் தம்பி வெண்டிலேட்டர் கண்ணாடிகளை உருவி உள்ளே இறங்கினார். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் நீக்கும்படி இருக்கட்டும் என்று வீடு கட்டும்போதே சொல்ல ஆளில்லை. நீங்களும் வாரந்தோறும் ‘கனவு இல்லம்’ பக்கம் போடுகிறீர்கள். அதில் மாடுலர் கிச்சன்தான் வருகிறது.

போகட்டும், அந்தக் கட்டுரைக்கு மேலேயே அரைப்பக்கத்துக்கு டைல்ஸ் விளம்பரம். முகம் பார்க்கலாம் போல மின்னும் தரை. அதன் கீழே, வழுக்காமல் நடங்கள் என்று எங்களுக்குப் புத்திமதி.

‘எப்போதும் ஒருவர் துணையிருப்பது நல்லது’ என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு பிள்ளை பெங்களூரு, இன்னொருவன் மஸ்கட். வருடா வருடம் கல்வி மலர் போட்டு அவர்களை அனுப்பிவைத்ததில் உங்களுக்கும் பங்குண்டு. ‘நடமாட்டத்தைக் குறையுங்கள்’ என்பது அடுத்த அறிவுரை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண் நேர்மாறாகச் சொன்னாள். பயந்து உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை வற்றிவிடும், வற்றினால் மறுபடி விழுவார். தினமும் நடக்கவையுங்கள் என்றாள். எங்கே நடப்பது? எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியதைச் சரியாக மூடவில்லை என்று முன்பு உங்களுக்குக் கடிதம் எழுதினேன். பாதியை வெட்டி, பள்ளத்தை விட்டுவிட்டு, கொசுவை மட்டும் பிரசுரித்தீர்கள்.

உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். லாரி மோதினால் முதல் பக்கம். கிழவர் விழுந்தால் ஞாயிறு இணைப்பு, அதுவும் கவனக்குறைவு.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: நிற்கவைத்து பிரஷர் பார்ப்பது, சுவரில் ஆழமாகத் துளையிட்டுப் பொருத்திய கைப்பிடி, வெளியிலிருந்து திறக்கும் தாழ்ப்பாள், இரவு விளக்கு. விழுந்தவரால் காலை ஊன்ற முடியவில்லை என்றால் இழுத்துத் தூக்காமல் 108-க்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேருங்கள். எழுத்து மட்டும் அந்த டைல்ஸ் கடையின் பெயர் அளவுக்கு இருந்தால் எங்களுக்கும் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
பொன்மலை, திருச்சி.