மலைநடைக்கு உயரம் ஒரு தகுதியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜவ்வாது மலையில் சில நாள் தங்கி நடப்பதற்கு மாணவியரைத் தேர்ந்தெடுத்த எங்கள் பகுதிக் கல்லூரி ஒன்றில், ஐந்தடிக்கும் குறைவான ஒரு பெண்ணை, மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க மாட்டாள் என்று சொல்லி விலக்கியிருக்கிறார்கள். உயரம் தாண்டுதலுக்கான அளவுகோலை நெடுந்தூர நடைக்கு வைப்பது தவறு என்பதையும், பல நாள் நடையில் குட்டையான உடலுக்கே ஆதாயம் மிகுதி என்பதையும், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உடல்வாகு மாறாமல் ஒருவரது உயரம் 10 சதவீதம் கூடுவதாகக் கொண்டால், எடை ஏறத்தாழ 33 சதவீதம் கூடிவிடும். தசையின் வலிமையோ அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதால் 21 சதவீதம்தான் கூடும். தன் உடலைத் தானே மேட்டில் ஏற்றிச் செல்வதுதான் மலைநடையின் முதல் வேலை. அந்த வேலையில் சிறிய உடல் பின்தங்குவதில்லை. எடையோடு ஒப்பிட்டால் வியர்வை ஆறுவதற்கான தோற்பரப்பும் சிறியவர்களுக்கே அதிகம். வேலூர் வெயிலில் நடந்தவர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. அதை முழுவதும் நடப்பவர்கள் அடுத்த ஊர் வரும்வரைக்கான உணவை முதுகில் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் நடக்கிறார்கள். எடை குறைந்தவருக்கு அன்றாட உணவும் குறைவாகவே தேவைப்படுவதால், ஒவ்வொரு கட்டத்திலும் அவர் தூக்கும் மூட்டை இளைக்கிறது. இரவில் உள்ளே நுழைந்து உறங்கும் தூக்கப்பை, மழைச்சட்டை, காலணி எல்லாமே அவருக்கு அளவிலும் எடையிலும் சிறியவை. சிறிய கூடாரத்தில் நெட்டையானவரின் தலையும் காலும் துணியில் உரசி, இரவில் அதில் படியும் ஈரத்தால் தூக்கப்பை நனைகிறது. குட்டையானவர் காலை நீட்டி நிம்மதியாகத் தூங்குகிறார். நம் மலைகளில் உண்ணிச்செடியும் மூங்கிலும் கவிந்த தடங்களில் குனிந்து குனிந்து முதுகு நோகும் தொல்லையும் அவருக்குக் குறைவு.

எவரெஸ்ட் உச்சியை 1975 மே 16 அன்று தொட்ட முதல் பெண்ணான ஜப்பானின் ஜுன்கோ தபெய், ஐந்தடிக்கு மேல் உயரமில்லாதவர் என்பதை அந்த மாணவிக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

குட்டையானவர்களுக்குச் சிரமமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓடையைக் கடக்கையில் நெட்டையானவருக்கு முழங்கால் அளவுள்ள நீர் இவர்களுக்குத் தொடையைத் தொடும். உயரமான பாறைப்படிகளில் கையூன்றித்தான் ஏற வேண்டியிருக்கும். ஆனால் பெரும்பாலான துன்பம் உடலால் வருவதன்று, ஏற்பாட்டால் வருவது. கூடாரம், அடுப்பு, பாத்திரம் போன்ற பொதுச் சுமையை ஆளுக்குச் சமமாகப் பங்கிடுவது நியாயம் போலத் தோன்றினாலும், 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் 75 கிலோ எடையுள்ள ஆணுக்கும் அது ஒரே சுமை ஆகாது. அதைவிடக் கொடுமை முதுகுப்பை. ஒரே அளவில் வாங்கி வைத்த பெரிய பையின் இடுப்புப்பட்டை குட்டையானவருக்கு இடுப்பெலும்பில் உட்காராமல் கீழே நழுவிவிடுவதால், பாரம் முழுவதும் தோளில் இறங்குகிறது. அவர் தளர்ந்து பின்தங்கும்போது, பழி அவரது உயரத்தின் மேல் விழுகிறது.

வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கிய மலையேற்றத் திட்டத்துக்குப் பிறகு ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் இளையோர் ஆர்வத்தோடு வருகிறார்கள். அவர்களை அழைத்துச் செல்லும் கல்லூரிகளும் குழுக்களும் உயரத்தை அளப்பதை விட்டு, கழுத்தடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை ஒவ்வொருவரின் முதுகையும் அளந்து அதற்கேற்ற பையைக் கொடுக்க வேண்டும். பொதுச் சுமையை அவரவர் எடைக்கேற்பப் பிரிக்க வேண்டும். விலக்கப்பட்ட அந்த மாணவியை அடுத்த நடைக்கு அழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.